சுற்றுச்சூழல் விழிப்புணர்வுக்கான பெரும் நிறுவல் கலை: கருத்து முதல் அகற்றுதல் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

பொதுச் சதுக்கத்திலோ கடற்கரையிலோ பூங்காவிலோ எழுப்பப்படும் பெரிய நிறுவல் கலைப்படைப்புக்கு மற்றக் கலைகளுக்கு இல்லாத ஒரு வசதி உண்டு. அதைப் பார்க்க யாரும் நுழைவுச்சீட்டு வாங்க வேண்டியதில்லை. பார்க்க விரும்பாதவரின் வழியிலும் அது வந்து நிற்கிறது. அதே வசதிதான் அதற்குரிய ஆபத்தும் ஆகும். பிளாஸ்டிக் கழிவைக் கண்டித்து எழுப்பிய உருவம் இரண்டு பருவங்களுக்குள் வெயிலில் உதிர்ந்து, அதன் துகள்கள் அருகிலுள்ள வடிகாலில் கலந்தால், அந்தக் காட்சியும் அத்தனை பேர் கண்ணிலும் படும். இந்த வழிகாட்டி கலைஞர்கள், ஏற்பாட்டாளர்கள், உள்ளாட்சி அமைப்புகள் ஆகியோரை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. படிகள் செய்யவேண்டிய வரிசையிலேயே தரப்பட்டுள்ளன. ஆகவே அகற்றுவதைப் பற்றிய முடிவு முதலில் வருகிறது.

1. படைப்பின் முடிவை முதலில் எழுதுங்கள்

வரைபடத் தாளை விரிப்பதற்கு முன்பே, காட்சிக்காலம் முடிந்தபின் இந்தப் படைப்பு என்ன ஆகும் என்பதை ஒரு பக்கத்தில் எழுதி, அதற்குப் பொறுப்பேற்பவர் பெயரையும் அதற்கான பணத்தையும் அங்கேயே குறித்துவிட வேண்டும். நிதி திரட்டும்போது எழுப்புவதற்கான செலவு மட்டுமே எல்லோர் கண்ணிலும் படுகிறது. அகற்றுவதற்கான தொகையைத் தனியே ஒதுக்காத திட்டங்களில், நிதி கொடுத்தவர் போனபின் அந்தச் சுமை பெரும்பாலும் நகராட்சியின் துப்புரவுப் பணியாளர்கள் தலையில் விழுகிறது.

நல்ல முன்மாதிரிகளை நோக்கினால் மூன்று வகை முடிவுகள் தெரிகின்றன. முதல் வகை, படைப்பு தானாகவே மறைந்துபோவது. கலைஞர் ஒலாஃபர் எலியாசனும் நிலவியலாளர் மினிக் ரோசிங்கும் சேர்ந்து உருவாக்கிய 'ஐஸ் வாட்ச்' இவ்வகை. கிரீன்லாந்தில் ஏற்கெனவே பனிப்பாளத்திலிருந்து உடைந்து கடற்கழியில் மிதந்த பனிக்கட்டிகளை எடுத்துவந்து 2014-இல் கோபன்ஹேகனிலும் 2015-இல் பாரிஸிலும் 2018-இல் லண்டனிலும் வைத்தார்கள். உருகி முடிந்ததும் காட்சியும் முடிந்தது. இரண்டாம் வகையில் பொருள்கள் வேறொரு பயனுக்குத் திரும்புகின்றன. நியூயார்க்கின் மேடிசன் சதுக்கப் பூங்காவில் 2021-இல் மாயா லின் 49 அட்லாண்டிக் வெள்ளைச் சீடர் மரங்களைப் பட்ட நிலையிலேயே நிறுத்தினார். அவை கடலுப்பு நிலத்தில் ஊடுருவியதால் பட்டுப்போய், நியூஜெர்சியில் எப்படியும் வெட்டப்படவிருந்த மரங்கள். கலைக்காக ஓர் உயிருள்ள மரமும் சாயவில்லை. அந்தத் திட்டத்தின் பகுதியாக நகரப் பூங்காக்களில் 1,000 மரங்களும் புதர்களும் நடப்பட்டன. மூன்றாம் வகை, நிலைத்து வளர்வது. ஜோசப் பாய்ஸ் 1982-இல் ஜெர்மனியின் காசெல் நகரில் தொடங்கிய '7000 ஓக் மரங்கள்' திட்டத்தில் ஒவ்வொரு மரத்தின் அருகிலும் ஒரு பசால்ட் கல்தூண் நடப்பட்டது. அவர் 1986-இல் இறந்தபின், 1987-இல் கடைசி மரத்தை அவர் மகன் நட்டார்.

இந்த மூன்றில் எதுவும் பொருந்தாமல், 'பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்பதே விடையாக வருமானால், கருத்தை மாற்றுவதே நல்லது.

2. ஒரு செய்தி, முடிந்தால் ஓர் எண்

'இயற்கையைக் காப்போம்' என்பது செய்தியாகாது. அதை யாரும் மறுப்பதில்லை. மறுக்காத ஒன்றுக்காக எவரும் நின்று யோசிப்பதும் இல்லை. பெரும்படைப்பைக் கடந்துபோகிறவர் அதற்குக் கொடுப்பது சில விநாடிகள். அந்த நேரத்துக்குள் பிடிபடக்கூடிய ஒரே ஒரு செய்தியைத் தேர்ந்து, படைப்பின் அளவையே அந்தச் செய்தியாக மாற்ற முடியுமா என்று பார்க்க வேண்டும்.

இங்கிலாந்தில் 2005-இல் பால் பொனோமினி வடிவமைத்த மின்கழிவு மனித உருவம் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. அதன் எடை 3.3 டன், உயரம் 7 மீட்டர். அந்த எடை அழகுக்காக முடிவுசெய்யப்பட்டதன்று. பிரிட்டனில் ஒரு சராசரி மனிதர் தம் வாழ்நாளில் தூக்கியெறியும் மின்சார, மின்னணுப் பொருள்களின் மதிப்பிடப்பட்ட எடையே அது. பார்ப்பவர் எண்ணைப் படிப்பதில்லை, அதன் நிழலில் நிற்கிறார்.

எண் எப்போதும் எடையாகவே இருக்க வேண்டியதில்லை. ஈவ் மோஷர் 2007-இல் நியூயார்க்கின் தெருக்களில், கடல்மட்டத்திலிருந்து பத்தடி உயரத்தைக் குறித்து, விளையாட்டுத் திடல்களில் கோடு போடும் சுண்ணப்பொடி வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தார். வெள்ளம் எங்கே வரை வரக்கூடும் என்பதைக் காட்டும் நீலநிறக் கோடு, அவ்வளவுதான். தம் வீட்டு வாசலில் கோடு விழுவதைக் கண்டவர்கள் கேள்வி கேட்டார்கள். அந்த உரையாடலே படைப்பின் பெரும்பகுதி. ஐந்து ஆண்டுகள் கழித்து 'சாண்டி' புயல் அந்நகரின் தாழ்ந்த கரையோரப் பகுதிகளை மூழ்கடித்தது. பெரும்படைப்பு என்றால் பெரும்பொருள் என்று பொருளில்லை என்பதற்காகவே இதை இங்கே குறிப்பிடுகிறேன்: பரப்பிலும் பெருமை உண்டு, செலவு மிகக் குறைவு, மழையோடு அகற்றும் வேலையும் முடிந்துவிடும்.

நீங்கள் பயன்படுத்தும் எண்ணை அந்தத் துறையில் ஆய்வு செய்பவரிடம் காட்டி, அதன் அடிப்படையை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். ஓர் எண் தவறென்று தெரியவந்தால், அதன்பின் மக்கள் படைப்பைப் பற்றிப் பேசுவதில்லை. தவற்றைப் பற்றியே பேசுவார்கள்.

3. இடத்தைத் தேர்தல்

இடம் பின்புலம் அன்று, வாதத்தின் பாதி. ஆக்னஸ் டெனஸ் 1982-இல் நியூயார்க்கின் மன்ஹாட்டனில், வால் தெருவுக்கு அருகே மண் கொட்டி நிரப்பப்பட்ட நிலத்தில் இரண்டு ஏக்கர் கோதுமை பயிரிட்டார். லாரிகளில் மண் கொண்டுவந்து பரப்பி, கைகளாலேயே சால் பிடித்து விதைத்து, ஆகஸ்ட் மாதம் ஆயிரம் பவுண்டுக்கு மேல் அறுவடை செய்தார். அதே கோதுமை ஒரு சிற்றூரில் விளைந்திருந்தால் அது வெறும் வயல். 450 கோடி டாலர் மதிப்புள்ள நிலத்தில், பங்குச்சந்தைக் கட்டடங்களின் அடியில் விளைந்ததால்தான் நிலம், உணவு, பணம் ஆகியவை குறித்த கேள்வியாக மாறியது.

ஸ்காட்லாந்தின் வடக்கு யூயிஸ்ட் தீவில் 2018-இல் பெக்கா நீட்டிவிர்டாவும் டிமோ அஹோவும் ஒரு கலை மையத்தின் சுவர்களில் ஒளிக்கோடுகளைப் பொருத்தினார்கள். கடல் ஏற்றத்தின்போது உணரிகள் விழித்துக்கொள்ள, எதிர்காலப் புயலலை எட்டக்கூடிய உயரத்தில் கோடுகள் ஒளிரும். அந்தத் தாழ்ந்த கரையில் அவை மிகையின்றிப் பேசின. மலைமேலுள்ள நகரத்தில் அவை அலங்கார விளக்குகளாகவே இருந்திருக்கும்.

கருத்துக்குப் பொருந்தும் இடம் கிடைத்தபின், அங்கே காலை, நண்பகல், இரவு, விடுமுறை நாள் எனப் பல வேளைகளில் நின்று கவனிக்க வேண்டும். மக்கள் எங்கே வேகம் குறைக்கிறார்கள், சக்கர நாற்காலி எந்த வழியாக வரும், தீயணைப்பு வண்டிக்கு எவ்வளவு அகலம் தேவை, நிலத்தடியில் எந்தக் குழாயும் கம்பியும் ஓடுகின்றன, பறவைகள் எங்கே கூடு கட்டுகின்றன என்பவை வரைபடத்தில் ஏறாத தகவல்கள்.

4. வடிவம்: சூழலையே வரைய விடுங்கள்

இந்த வகைக் கலையில் மிக வலுவானவை, கலைஞர் சொல்வதை நிறுத்திச் சூழலைச் சொல்லவிட்ட படைப்புகளே என்பது என் கருத்து. டெல்லியில் 2018 நவம்பரில் ஒரு மருத்துவமனைக்கு வெளியே, காற்று வடிகட்டும் வெண்ணிறத் துணியால் ஆன மாபெரும் நுரையீரல் உருவம் வைக்கப்பட்டது. பின்னாலிருந்த விசிறிகள் காற்றை அதனூடாக இழுத்தன. சில நாள்களிலேயே அது கறுத்துப்போனது. யாரும் வண்ணம் பூசவில்லை. அந்த நகரத்தின் காற்று பூசியது. இதில் மிகைப்படுத்தல் என்ற குற்றச்சாட்டுக்கே இடமில்லை.

ஆஸ்திரேலியாவின் டவுன்ஸ்வில் கடற்கரையில் ஜேசன் டிகேர்ஸ் டெய்லர் 2019-இல் அமைத்த பெண் உருவம், பவளத்திட்டு ஒன்றிலிருந்து வரும் கடல்நீர் வெப்ப அளவுக்கேற்ப நிறம் மாறுகிறது. இவரே 2015-இல் தேம்ஸ் நதியில் நிறுத்திய நான்கு குதிரை வீரர்கள், ஏற்றத்தின்போது மூழ்கி வற்றத்தின்போது வெளிப்பட்டார்கள். குதிரைகளின் தலைகள் எண்ணெய்க் கிணற்று இறைப்பான்களின் வடிவில் இருந்தன. தரவை நேரடியாக இணைக்கும் படைப்புகளில் ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு: உணரியோ இணைப்போ நின்றுபோனால் படைப்பு பொய் சொல்லத் தொடங்கும். அந்த நிலையில் விளக்கு அணையுமா, கடைசி அளவைக் காட்டுமா என்பதை முன்கூட்டியே முடிவுசெய்து நிரலில் எழுதிவைக்க வேண்டும். அணைவதே நேர்மை.

அச்சமூட்டுவதா, வழிகாட்டுவதா என்ற கேள்விக்கு ஓரளவு ஆய்வுச் சான்று இருக்கிறது. 2015-இல் பாரிஸ் பருவநிலை மாநாட்டையொட்டி நடந்த கலைவிழாவின் 37 படைப்புகளைப் பற்றிப் பார்வையாளர்களிடம் கேட்டறிந்த நார்வே உளவியலாளர்கள், அழகோடும் வியப்போடும் தீர்வு ஒன்றையும் முன்வைத்த படைப்புகளே பார்வையாளரிடம் மிக ஆழமான விளைவை உண்டாக்கின என்று கண்டார்கள். அழிவை மட்டும் காட்டுவது தவறென்று இதற்குப் பொருளில்லை. அழிவைக் காட்டிவிட்டுப் பார்வையாளரை அங்கேயே விட்டுவிடுவது வீண் என்பதே பொருள்.

5. பொருள்கள்

பெரும்பாலான திட்டங்கள் இடறி விழும் இடம் இது.

கழிவைக் காட்ட வேண்டுமானால் உண்மையான கழிவையே பயன்படுத்த வேண்டும். எண்ணிக்கை போதவில்லை என்று புதிய பாட்டில்களோ குவளைகளோ வாங்கிச் சேர்ப்பது, அளவில் சிறிதானாலும், படைப்பின் நம்பகத்தன்மையை முற்றிலும் அழிக்கும். பெல்ஜியத்தின் ப்ரூஜ் நகரக் கால்வாயில் 2018-இல் எழுந்த நான்கு மாடி உயரத் திமிங்கலம், பசிபிக் பெருங்கடலிலிருந்து மீட்ட ஏறத்தாழ ஐந்து டன் பிளாஸ்டிக்கால் ஆனது. இத்தகைய படைப்புக்குச் சேகரிப்புக் காலமே பல மாதங்கள் ஆகும் என்பதைக் கால அட்டவணையில் ஏற்றுக்கொள்ள வேண்டும். சேகரிக்கும்போதே எங்கே, எப்போது, எத்தனை கிலோ என்று பதிவேடு எழுதினால், அந்தப் பதிவேடே பின்னால் காட்சியின் ஒரு பகுதியாகலாம்.

கடற்கரையிலிருந்தும் ஆற்றிலிருந்தும் வரும் கழிவு தூய்மையானதன்று. ஊசி, கண்ணாடி, வேதிப்பொருள் எச்சம், நோய்க்கிருமி ஆகியவை கலந்திருக்கும். தடித்த கையுறை, மூடிய காலணி, தரம் பிரிக்கும் மேசை, கழுவிய நீரை வடிகட்டி வெளியேற்றும் ஏற்பாடு ஆகியவை இல்லாமல் தன்னார்வலர்களை, குறிப்பாக மாணவர்களை, அழைக்கக் கூடாது.

பிளாஸ்டிக்கின் மிகப்பெரிய எதிரி வெயில். புற ஊதாக்கதிர் பட்ட பாலிஎத்திலீனும் பாலிபுரொப்பிலீனும் நொறுங்கும் தன்மையடைந்து நுண்துகள்களாக உதிர்கின்றன. தெர்மாகோல் அதைவிட வேகமாக உதிரும். ஆகவே கழிவு பிளாஸ்டிக்கால் ஆன வெளிப்புறப் படைப்புக்குக் காட்சிக்காலத்தை மாதக்கணக்கில் வரையறுத்து, கீழே துகள் பிடிக்கும் வலை விரித்து, வாரந்தோறும் பெருக்க வேண்டும். பசை கொண்டு ஒட்டியவற்றைப் பின்னால் பிரித்து மறுசுழற்சிக்கு அனுப்புவது அரிது. கம்பி, மறைதிருகு, கயிறு ஆகியவற்றால் கட்டியவை எளிதில் பிரியும். பிளாஸ்டிக் குவியல் எரிந்தால் நச்சுப்புகை கிளம்பும் என்பதால், கட்டடச் சுவரிலிருந்து இடைவெளி, இரவுக் காவல், தீயணைப்பான் ஆகியவை கட்டாயம்.

நீருக்கடியில் வைப்பதற்கான விதிகள் வேறு. மெக்சிகோவின் கான்கூன் கடலடி அருங்காட்சியகத்தில் காரத்தன்மை குறைத்த சிறப்புச் சிமெண்டில் செய்த நூற்றுக்கணக்கான சிற்பங்கள், பவளம் பற்றி வளர இடமளிப்பதோடு, இயற்கைத் திட்டுகளுக்குப் போகும் முக்குளிப்பாளர் கூட்டத்தையும் தம் பக்கம் திருப்புகின்றன. இதற்கு நேர்மாறான பாடம் புளோரிடாவில் இருக்கிறது. 1970-களில் செயற்கைத் திட்டு உருவாக்கும் நல்லெண்ணத்தோடு இறக்கப்பட்ட ஏறத்தாழ இருபது லட்சம் டயர்கள், கட்டுகள் அறுந்து அலையில் உருண்டு, அருகிலிருந்த உண்மையான பவளத்தை இடித்துச் சிதைத்தன. அது கலைப்படைப்பு அன்று. ஆனால் கடலில் எதையும் இறக்க நினைப்பவர் முதலில் படிக்கவேண்டிய வரலாறு.

செடிகளைப் பயன்படுத்துவோர் அந்நிலத்துக்குரிய இனங்களையே தேர்ந்து, காட்சிக்குப் பின் அவை வேரூன்றும் இடத்தையும் நீர் ஊற்றுபவரையும் உறுதிசெய்ய வேண்டும். ஒளியைப் பயன்படுத்துவோர் மேல்நோக்கிப் பாய்ச்சாமல், வெதுவெதுப்பான மஞ்சள் நிறத்தைத் தேர்ந்து, நள்ளிரவுக்கு முன் அணைக்க வேண்டும். ஆமை முட்டையிடும் கரைகளில் ஒளியே வேண்டாம்.

6. காற்றும் எடையும்

எவ்வளவு சிறந்த கருத்தானாலும், தகுதிபெற்ற கட்டமைப்புப் பொறியாளரின் கையொப்பமின்றி ஆள் உயரத்துக்கு மேல் எதையும் நிறுத்தக் கூடாது. காரணம் எளிய கணக்கில் விளங்கும். காற்றின் அழுத்தம் அதன் வேகத்தின் வர்க்கத்தோடு உயர்கிறது. விநாடிக்கு மீட்டரில் சொன்ன வேகத்தை வர்க்கப்படுத்தி 0.6-ஆல் பெருக்கினால், சதுர மீட்டருக்கு எத்தனை நியூட்டன் என்பது கிடைக்கும். மணிக்கு 72 கிலோமீட்டர், அதாவது விநாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் இது 240 நியூட்டன். ஐந்து மீட்டர் அகலமும் நான்கு மீட்டர் உயரமும் உள்ள தட்டையான பரப்பின் மீது, வடிவத்துக்கான திருத்தம் சேர்ப்பதற்கு முன்பே, ஏறக்குறைய அரை டன் எடைக்குச் சமமான தள்ளுவிசை அது. வேகம் இரட்டிப்பானால் விசை நான்கு மடங்கு.

இந்த எச்சரிக்கை கற்பனையன்று. கிறிஸ்டோவும் ஜான்-க்ளோடும் 1991-இல் ஜப்பானிலும் கலிபோர்னியாவிலும் ஒரே நேரத்தில் 3,100 பெருங்குடைகளை விரித்தார்கள். கலிபோர்னியாவில் பலத்த காற்று, சுமார் 200 கிலோ எடையுள்ள குடையொன்றைப் பெயர்த்தெறிந்ததில் பார்வையாளர் ஒருவர் உயிரிழந்தார். காட்சியை உடனே மூடி அகற்றத் தொடங்கியபோது, ஜப்பானில் பாரந்தூக்கி உயரழுத்த மின்கம்பியில் பட்டுத் தொழிலாளர் ஒருவர் இறந்தார். இரண்டாவது மரணம் அகற்றும் பணியில் நிகழ்ந்தது என்பதைக் கவனியுங்கள். அவசரமாகப் பிரிப்பது எழுப்புவதைவிட ஆபத்தானது.

ஆகவே காற்றுவேகமானி ஒன்றைப் பொருத்தி, எந்த வேகத்தில் பார்வையாளரை விலக்குவது, எந்த வேகத்தில் துணியை இறக்குவது என்று எழுதிவைத்து, அந்த முடிவை எடுக்கும் அதிகாரத்தைக் களத்தில் இருக்கும் ஒருவரிடமே கொடுக்க வேண்டும். பெரிய தட்டைப் பரப்புக்குப் பதிலாக வலை போன்ற துளையுள்ள பரப்பு விசையைக் குறைக்கும். மழைநீர் தேங்கும் குழிகள் இருக்கக் கூடாது. குழந்தைகள் ஏறுவார்கள் என்பதை உறுதியாக எடுத்துக்கொண்டே வடிவமைக்க வேண்டும். 'ஏறாதீர்' என்ற பலகை ஒரு பாதுகாப்பு ஏற்பாடாகாது.

7. அனுமதியும் அருகில் வாழ்வோரும்

நில உரிமையாளர், உள்ளாட்சி, காவல்துறை, தீயணைப்புத் துறை, நீர்நிலையானால் அதற்குரிய துறை எனப் பட்டியல் இடத்துக்கு இடம் மாறும். பொதுப் பொறுப்புக் காப்பீடு எங்கும் தேவை. அனுமதிக்கு ஆகும் காலம் கலைஞர் நினைப்பதைவிட எப்போதும் அதிகம்.

காகித அனுமதியைவிட முக்கியமானது அருகில் வாழ்வோரின் ஒப்புதல். மாசுபட்ட ஆற்றைப் பற்றிய படைப்பில் அந்த ஆற்றை நம்பி வாழ்பவரின் குரல் இல்லையென்றால், அது அவர்களைக் காட்சிப்பொருளாக்குவதே. மியெர்ல் லேடர்மன் யூக்கிலிஸ் 1979-80-இல் நியூயார்க் துப்புரவுத் துறையின் 8,500 தொழிலாளர்களையும் ஒவ்வொருவராகச் சந்தித்துக் கைகுலுக்கி நன்றி சொன்னார். அந்தச் செயலே அவருடைய படைப்பு. நிதி தருபவர் யார் என்பதையும் இங்கேயே ஆராய வேண்டும். எதைக் கண்டிக்கிறீர்களோ அதை உற்பத்தி செய்யும் நிறுவனத்தின் சின்னம் படைப்பின் அடியில் இருந்தால், பார்வையாளர் படிப்பது அந்தச் சின்னத்தை மட்டுமே.

8. கார்பன் கணக்கு

'ஐஸ் வாட்ச்' மீது எழுந்த முதல் கேள்வி, பனிக்கட்டியைக் கொண்டுவர எவ்வளவு எரிபொருள் எரிந்தது என்பதுதான். ஏற்பாட்டாளர்கள் ஒரு வெளி அமைப்பைக் கொண்டு கணக்கிட்டு, பாரிஸ் காட்சிக்கு ஏறத்தாழ 30 டன் கார்பன் டை ஆக்சைடுக்குச் சமமான உமிழ்வு ஆனதென்று வெளியிட்டார்கள். அந்தத் தொகை நியாயமா என்று இன்றும் வாதிடலாம். ஆனால் வாதம் எண்ணோடு நடக்கிறது, ஐயத்தோடு அன்று.

போக்குவரத்து, எஃகு, சிமெண்ட், மின்சாரம், குழுவினரின் விமானப் பயணம் ஆகிய ஐந்தையும் வடிவமைப்புக் கட்டத்திலேயே கணக்கிட்டால், எதைக் குறைக்கலாம் என்பது தெரிந்துவிடும். வாடகைச் சாரக்கட்டுக் குழாய்களைச் சட்டமாகப் பயன்படுத்துவது, புதிய எஃகு வாங்குவதற்கு நல்ல மாற்று.

9. பார்த்தபின் என்ன?

மைக்கேல் பின்ஸ்கி 2017-இல் நார்வேயின் ட்ரொண்ட்ஹைமில் ஐந்து குவிமாடங்களை இணைத்து, லண்டன், புதுடெல்லி, சாவோ பாவ்லோ, பெய்ஜிங், நார்வேயின் டௌட்ரா தீவு ஆகியவற்றின் காற்றைத் தீங்கற்ற கலவைகளால் போலச்செய்தார். அதைக் கடந்துவந்தவர்களிடம் செயல்படும் எண்ணம் சற்றே உயர்ந்ததை ஆய்வாளர்கள் பதிவுசெய்தார்கள். ஆனால் தம் சொந்த உமிழ்வைக் கண்காணிக்கக் கொடுத்த வாய்ப்பைப் பார்வையாளர்கள் பயன்படுத்தியதாகத் தெரியவில்லை. எண்ணத்துக்கும் செயலுக்கும் இடையிலுள்ள இந்தத் தொலைவை எந்தக் காட்சியும் தானாகக் கடப்பதில்லை.

எனவே செய்யக்கூடிய செயலை அந்த இடத்திலேயே, அந்த நேரத்திலேயே வைக்க வேண்டும். டெனஸ் பின்லாந்தில் 1992 முதல் 1996 வரை உருவாக்கிய மலையில் 11,000 பேர் ஆளுக்கொரு மரமாக 11,000 மரங்களை நட்டார்கள்; 400 ஆண்டுக் காலத்துக்கான சான்றிதழ் அவர்களிடம் இருக்கிறது. அத்தனை பெரிய ஏற்பாடு எல்லோராலும் முடியாது. ஆனால் குறிப்பிட்ட ஒரு மனுவில் கையெழுத்து, அடுத்த வாரத் துப்புரவு முகாமுக்குப் பெயர்ப்பதிவு, வார்டு உறுப்பினரிடம் கேட்க ஒரு கேள்வி என ஏதாவது ஒன்று முடியும். பயிற்சி பெற்ற விளக்குநர் இருவர் களத்தில் நிற்பது, நீண்ட விளக்கப் பலகையைவிடப் பயன் தரும்.

விளைவை அளக்க விரும்பினால் காட்சிக்கு முன்பே அடிப்படை அளவை எடுத்துவிட வேண்டும். வந்தவர் எண்ணிக்கையும் எடுத்த படங்களின் எண்ணிக்கையும் கவனத்தைக் காட்டும், மாற்றத்தைக் காட்டாது. துப்புரவு முகாமுக்கு வந்தவர் எத்தனை பேர், ஆறு மாதம் கழித்தும் தொடர்பவர் எத்தனை பேர் என்பவை சிறிய எண்களாகவே இருக்கும், அவற்றையே வெளியிடுங்கள்.

10. அகற்றும் வாரம்

முதற்படியில் எழுதிய பக்கத்தை எடுத்து, அதன்படி செய்வதே இங்குள்ள வேலை. எழுப்பிய வரிசைக்கு நேர்மாறாகப் பிரிக்க வேண்டும் என்பதால், எழுப்பும்போதே ஒவ்வொரு இணைப்பையும் படமெடுத்து எண்ணிட்டு வைத்திருப்பது பெரிதும் உதவும். பிரிப்பதற்கு எழுப்பியதற்கு இணையான நாள்களை ஒதுக்கி, மின் இணைப்பை முதலில் துண்டித்து, பொதுமக்களை முற்றிலும் விலக்கியபின் தொடங்க வேண்டும். ஒவ்வொரு பொருளும் எந்த மறுசுழற்சி நிலையத்துக்கு, எத்தனை கிலோ சென்றது என்பதற்கு ரசீது வாங்குங்கள். மறுசுழற்சிக்கு ஏற்காமல் திருப்பியனுப்பப்பட்டது எவ்வளவு என்பதையும் மறைக்காமல் எழுதுங்கள். மண் இறுகியிருந்தால் கிளறிவிட்டு, தரையில் சிதறிய துகள்களைச் சலித்தெடுத்து, காட்சிக்கு முன் எடுத்த படங்களோடு ஒப்பிட்டு, நில உரிமையாளரிடம் கையொப்பம் பெற்று இடத்தை ஒப்படைக்க வேண்டும். சேகரித்த கழிவின் பதிவேடு, கார்பன் கணக்கு, மறுசுழற்சி ரசீதுகள் ஆகிய மூன்றையும் ஒரே கோப்பாக்கி, இடத்தை ஒப்படைத்த ஒரு மாதத்துக்குள் எவரும் பார்க்கும்படி வெளியிடலாம்.